திருச்சியில் இரண்டு முறை ஜெயித்தவர்

கேள்வி: டீக்கடைப் பேச்சில் ஒருவர், "நம்ம ஊர் எம்.பி.யா இருந்த ரங்கராஜன் குமாரமங்கலம் காங்கிரஸ்காரர்" என்கிறார். இன்னொருவர், "இல்லவே இல்லை, பா.ஜ.க." என்று அடித்துப் பேசுகிறார். யார் சொல்வது சரி? மாணவர் தலைவராக இருந்துதான் மந்திரி ஆனாரா?
– ஒரு வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: இருவர் சொல்வதும் சரிதான். பந்தயம் கட்டியிருந்தால் காசைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

1971இல் காங்கிரஸ் தன் மாணவர் அமைப்பாக இந்திய தேசிய மாணவர் சங்கத்தைத் தொடங்கியபோது, முதல் தலைவர் இவர். பிறந்தது 1952, வயதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் போஸ்டர் ஒட்டி மேலே வந்தவர் என்று சொல்லமாட்டேன். தாத்தா சுப்பராயன் சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். அப்பா மோகன் குமாரமங்கலம், கம்யூனிஸ்டாக இருந்து இந்திரா காந்தியின் அமைச்சரவைக்கு வந்தவர். 1973 விமான விபத்தில் இறந்தார். கட்சி மாறுவதும் அந்த வீட்டுக்குப் புதிதல்ல.

1984 முதல் சேலத்தில் மூன்று முறை காங்கிரஸ் எம்.பி. நரசிம்ம ராவ் அரசில் இணை அமைச்சர். 1993இல் பதவியை உதறினார். பிறகுதான் பா.ஜ.க., திருச்சி எல்லாம்.

திருச்சிக் கதைதான் சுவாரசியம். 1998இல் அ.தி.மு.க. கூட்டணியில் ஜெயித்தார். மறு வருஷமே கூட்டணி மாறியது, 1999இல் தி.மு.க. தோழர்கள் தாமரைக்கு ஓட்டுக் கேட்டார்கள். அப்போதும் ஜெயித்தார். வெளியூர்க்காரரின் வெற்றியில் பெரும்பங்கு கூட்டணிக் கணக்குதான் என்பேன். ஆனால் எதிரெதிர் முகாம்கள் இரண்டும் ஒரே வேட்பாளருக்கு மாறிமாறி வேலை செய்ய, ஆளிடமும் ஏதோ இருந்திருக்க வேண்டும்.

வாஜ்பாய் அவருக்கு மின்துறையைக் கொடுத்தார். கொதிகலன் செய்யும் ஊரின் எம்.பி.க்குப் பொருத்தமான இலாகா. 'பெல்' ஆலை அந்தத் துறையின் கீழ் இல்லை என்பது வேறு விஷயம். அவர் காலத்தில், 1998இல் வந்ததுதான் மின்சார ஒழுங்குமுறை ஆணையங்கள் சட்டம். அதுவரை கட்டணம் அரசும் வாரியமும் பார்த்து வைத்ததுதான். இன்று கரண்ட் பில் ஏறுவதற்கு முன் ஆணையம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறதே, அதற்கு விதை அங்கேதான் விழுந்தது. 2003 மின்சாரச் சட்டம் அதை விரிவாக்கியது.

அதைப் பார்க்க அவர் இல்லை. 2000 ஆகஸ்ட் 23இல், 48 வயதில் இறந்துபோனார். அடுத்த வருஷ இடைத்தேர்தலில் தொகுதி அ.தி.மு.க.வுக்குப் போனது. அதன்பின் திருச்சியில் தாமரை இன்னும் ஜெயிக்கவில்லை.