ஆடும் தளமும் ஆடாத தளமும்



வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைமேல் ஏறினால் காவலூர் வருகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். சுற்றிலும் காடு. மரங்களுக்கு நடுவே பெரிய குவிமாடங்கள் தெரியும். அவைதாம் வைணு பாப்பு வானாய்வுக்கூடத்தின் தொலைநோக்கிகள் இருக்கும் இடங்கள். நட்சத்திரம் பார்ப்பதற்கு இவ்வளவு தூரம் வந்து மலை ஏற வேண்டுமா? ஒரு கப்பலின் மேல்தளத்தில் நின்று பார்த்தால் என்ன? நடுக்கடலில் தெருவிளக்கு இல்லை; தூசி இல்லை; நான்கு திக்கிலும் மறைப்பும் இல்லை. வானத்தைப் பார்க்க அதைவிட நல்ல இடம் வேறு ஏது?

இந்தக் கேள்விக்கு விடை தேட, நாம் இன்று ஒரு பழைய கப்பலில் ஒரே ஒரு நாள் பயணம் செய்து வருவோம். நாள்: 1761 ஜூன் 6. இடம்: இந்துமாக்கடல். கப்பலின் பெயர் சில்ஃபீடு. பிரெஞ்சுப் போர்க்கப்பல். அதில் உள்ள ஒரு பயணியின் பெயர் லெ ஜாந்தீ. அவர் பாரிஸ் அறிவியல் கழகத்தைச் சேர்ந்த வானியல் அறிஞர்.

அவர் ஏன் கடலில் இருக்கிறார்?

வெள்ளி என்னும் கோள் சில சமயம் சூரியனுக்கும் பூமிக்கும் சரியாக நடுவே வந்துவிடும். அப்போது சூரியத் தட்டின்மீது ஒரு சிறு கரும்புள்ளி மெல்ல ஊர்ந்து செல்வது போலத் தெரியும். இதை வெள்ளியின் கடப்பு என்கிறோம். எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு கடப்புகள் நிகழும். பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஒன்றும் நிகழாது.

இதில் என்ன பயன்? உங்கள் கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். பின்னாலுள்ள சுவரில் விரல் இடம் மாறித் தெரிகிறதல்லவா? இதுவே இடமாறு தோற்றம். இரு கண்களுக்கும் இடையே உள்ள தூரமும், விரல் எவ்வளவு நகர்ந்து தெரிகிறது என்பதும் தெரிந்தால், விரல் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். பூமியில் வெகு தொலைவிலுள்ள இரண்டு ஊர்கள் இரண்டு கண்கள், வெள்ளிதான் விரல், சூரியத் தட்டுதான் சுவர். ஒவ்வொரு ஊரிலும் வெள்ளி சூரியனுக்குள் நுழையும் நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் விநாடி சுத்தமாகக் குறித்தால், சூரியனின் தொலைவை அளந்துவிடலாம். இந்த வழியை 1716-ஆம் ஆண்டு எட்மண்ட் ஹாலி விளக்கிக் கூறினார்.

அதனால்தான் 1761-இல் பல நாட்டு அறிஞர்கள் உலகெங்கும் புறப்பட்டார்கள். லெ ஜாந்தீக்குக் குறித்த ஊர் நம் புதுச்சேரி. 1760 மார்ச்சில் பிரான்சை விட்டுக் கிளம்பி, மொரீஷியஸ் வந்து, அங்கிருந்து சில்ஃபீடு கப்பலில் சோழமண்டலக் கரையை நோக்கி வந்தார். கரையை நெருங்கும் சமயத்தில் ஒரு செய்தி வந்தது: புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்டது! பிரெஞ்சுக் கப்பல் அங்கே எப்படிப் போகும்? கப்பல் திரும்பியது. ஜூன் 6 வந்தபோது அவர் நடுக்கடலில் இருந்தார்.

கப்பல் தளத்தில் ஒரு பகல்

வானம் தெளிவாக இருந்தது. மேகம் இல்லை. சூரியன்மீது கரும்புள்ளி தெரிந்தது. லெ ஜாந்தீ பார்த்தார், நேரத்தையும் குறித்துக்கொண்டார். ஆயினும் அந்தக் குறிப்பால் அறிவியலுக்குப் பயன் இல்லை. ஏன்? காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, ஆட்டம். வானத்தில் சூரியனின் அகலம் சுமார் அரை டிகிரி. கப்பல் ஒரு பக்கம் 5 டிகிரி சாய்ந்தால், அதன்மீது பொருத்திய தொலைநோக்கி பத்துச் சூரிய அகலம் விலகிவிடும். மறு பக்கமும் அவ்வளவே சாயும். வெள்ளியின் புள்ளியோ சூரிய அகலத்தில் சுமார் 32-இல் ஒரு பங்குதான். அது சூரியனின் விளிம்பைத் தொடும் கணத்தை இந்த ஆட்டத்தில் எப்படிப் பிடிப்பது?

இரண்டாவது, கடிகாரம். அந்நாளில் மிகத் துல்லியமான கடிகாரம் ஊசல் கடிகாரம். ஊசல் ஒழுங்காக ஆட வேண்டுமானால் அதைத் தாங்கும் சுவர் ஆடக் கூடாது. கப்பலிலோ ஊசலைவிடச் சுவர் அதிகம் ஆடுகிறது! ஊசலுக்குப் பதில் சமனாழியும் சுருள்வில்லும் கொண்ட ஹாரிசனின் கடல் கடிகாரம் அதே 1761-ஆம் ஆண்டின் இறுதியில்தான் ஜமைக்கா செல்லும் கப்பலில் சோதித்துப் பார்க்கப்பட்டது.

மூன்றாவது, இடம். பூமி 24 மணியில் 360 டிகிரி சுழல்கிறது. அதாவது 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி. ஆகவே கப்பல் இருக்கும் தீர்க்கரேகையில் ஒரு டிகிரி பிழை நேர்ந்தால், உள்ளூர் நேரத்தை மற்ற ஊர் நேரத்தோடு ஒப்பிடும்போது 4 நிமிடம் பிழை நேரும். விநாடிகளைத் தேடுகிற இடத்தில் 4 நிமிடம் பிழை வந்தால் என்ன ஆவது? கடலில் தீர்க்கரேகையைச் சரியாக அறியும் வழியும் அன்று கைக்கு வரவில்லை. கப்பலும் ஓரிடத்தில் நிற்பதில்லை.

அதே நாளில் சென்னையில் வில்லியம் ஹர்ஸ்ட் என்ற பாதிரியார் அசையாத தரையில் நின்று இதே கடப்பைப் பார்த்தார். அவருடைய குறிப்பு இலண்டன் ராயல் கழகத்தின் ஏட்டில் வெளியாயிற்று. இருவர் பார்த்ததும் ஒரே சூரியன், ஒரே புள்ளி. காலடியில் இருந்த தளம்தான் வேறு.

எட்டு ஆண்டுகள் கழித்து

லெ ஜாந்தீ ஊர் திரும்பவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டுகள் கீழைக் கடல்களிலேயே காத்திருந்தார். 1768-இல் புதுச்சேரி வந்து, இடிந்த கோட்டையின்மீது ஒரு வானாய்வுக்கூடம் கட்டினார். இம்முறை உறுதியான தரை, நல்ல கடிகாரம், அளந்தறிந்த தீர்க்கரேகை. எல்லாம் இருந்தன. 1769 ஜூன் 4 காலை சூரியன் உதிக்கும் நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது. வெள்ளி சூரியனைவிட்டு வெளியேறியது. அதன்பின் வானம் தெளிந்தது!

1771-இல் அவர் ஊர் சேர்ந்தபோது, இறந்துவிட்டதாகவே எண்ணியிருந்தார்கள். கழகத்தில் அவர் இடம் வேறொருவருக்குப் போயிருந்தது. உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தார்கள்.

அவர் வெறுங்கையோடு திரும்பினார் என்று நினைத்துவிடாதீர்கள். புதுச்சேரியில் ஒரு தமிழரிடம் அவர் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார். 1765 ஆகஸ்டு 30-இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை அந்த முறையில் கணித்தபோது, அது நீடித்த நேரத்தில் 41 விநாடியே பிழை இருந்தது. ஐரோப்பாவில் அன்று புகழ்பெற்றிருந்த மேயரின் அட்டவணைப்படி கணித்தாலோ 68 விநாடி பிழை! இதை மறைக்காமல் எழுதி வைத்தவர் லெ ஜாந்தீயேதான்.

மற்ற ஊர்களில் கிடைத்த அளவுகளைச் சேர்த்து, சூரியனின் தொலைவு சுமார் 15.3 கோடி கி.மீ. என்று லலாந்து 1771-இல் கணக்கிட்டார். இன்று நாம் அறிந்த அளவு 14.96 கோடி கி.மீ. எவ்வளவு நெருங்கிவிட்டார்கள், பாருங்கள்!

மீண்டும் காவலூர்

கப்பலைவிட்டு இறங்கிக் காவலூருக்கு வருவோம். புதுச்சேரியிலிருந்து காவலூர் நேர்க்கோட்டில் சுமார் 130 கி.மீ. தொலைவுதான். வைணு பாப்பு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை தொடங்கினார். 1972-இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் திறந்துவைக்கப்பட்டது. அதைத் திட்டமிட்ட பாப்பு 1982-இலேயே காலமானார். அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

பெரிய தொலைநோக்கிகளைத் தாங்கும் தூண், கட்டடத்தின் தளத்தோடு ஒட்டாமல் தனியே தரையில் ஊன்றப்படும். தளத்தில் ஒருவர் நடந்தால் ஏற்படும் அதிர்வுகூடத் தொலைநோக்கியைச் சேரக் கூடாது என்பதே காரணம். லெ ஜாந்தீயின் கப்பல் கற்பித்த பாடம் இது.

ஆனால் ஒன்று கேட்கலாம். காவலூர் மட்டும் நிலையாகவா நிற்கிறது? பூமி சுழல்கிறதே! நியாயமான கேள்வி. காவலூரின் அட்சரேகை வடக்கே சுமார் 12½ டிகிரி. அங்கே நிற்கும் ஒருவர் பூமியோடு சேர்ந்து மணிக்கு ஏறத்தாழ 1,630 கி.மீ. வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறார். எந்தக் கப்பலும் இவ்வளவு வேகம் போகாது. எனினும் அவருடைய தொலைநோக்கி வேலை செய்கிறது. எப்படி?

பூமியின் சுழற்சி ஒரே சீரானது. ஒரே அச்சில், ஒரே திசையில், மாறாத வேகத்தில் நிகழ்வது. ஆகவே தொலைநோக்கியின் ஓர் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக அமைத்து, மோட்டாரால் எதிர்த் திசையில் அதே வேகத்தில் திருப்பினால் போதும். நட்சத்திரம் அசையாமல் நிற்கும். காவலூரில் இந்த அச்சு தரையிலிருந்து 12½ டிகிரி சாய்ந்திருக்கும். அலையின் ஆட்டமோ இன்ன நேரத்தில் இவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதது. சீரான இயக்கத்தைக் கணக்கால் ஈடுகட்டலாம். சீரற்ற இயக்கத்தை அப்படி ஈடுகட்டுவது கடினம். இதுவே இன்றைய பாடத்தின் சாரம்.

நீங்களே செய்து பாருங்கள்

சூரியனை ஒருபோதும் நேரே பார்க்காதீர்கள். தொலைநோக்கி வழியாகப் பார்க்கவே கூடாது. ஒரு சிறு கண்ணாடியைக் கறுப்புத் தாளால் மூடி, நடுவில் 5 மி.மீ. துளை விடுங்கள். அதைச் சன்னலோரம் வெயிலில் வைத்து, 10 மீட்டர் தொலைவிலுள்ள நிழலான சுவரில் ஒளி விழச் செய்யுங்கள். ஒளியை எவர் கண்ணிலும் படும்படி திருப்பாதீர்கள். சுவரில் சுமார் 9 செ.மீ. அகலத்தில் சூரியனின் உருவம் விழும்.

கண்ணாடியை அசையாமல் வைத்து, உருவத்தின் விளிம்பில் பென்சிலால் கோடிடுங்கள். சுமார் இரண்டு நிமிடத்தில் உருவம் தன் அகலம் அளவுக்கு நகர்ந்துவிடும். நீங்கள் பார்ப்பது பூமியின் சுழற்சியை. இனி அதே கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, உருவத்தை ஒரே இடத்தில் நிறுத்த முயலுங்கள். சுவரெல்லாம் துள்ளும் அந்த ஒளிவட்டம்தான் சில்ஃபீடு கப்பலில் லெ ஜாந்தீ கண்ட சூரியன்.

2004 ஜூன் 8, 2012 ஜூன் 6 ஆகிய நாள்களில் நிகழ்ந்த கடப்புகள் தமிழ்நாட்டில் தெரிந்தன. அடுத்தது 2117 டிசம்பரில். அதை நாம் காணப்போவதில்லை. ஆனால் சூரியனின் தொலைவை யாரேனும் உங்களிடம் சொல்லும்போது, அந்த எண்ணுக்காக ஒருவர் பதினோர் ஆண்டுகள் கடலிலும் கரையிலும் காத்திருந்தார் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.