வன உரிமைக் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு

பேரப் பிள்ளைகளே, நம் பதியில், அதாவது நம் மலைக் குடியிருப்பில், கிராம சபை கூடி உங்களை வன உரிமைக் குழுவுக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறது. உங்களில் காலேஜ் முடித்தவர்களும் இருக்கிறீர்கள், எட்டாம் வகுப்போடு நின்றவர்களும் இருக்கிறீர்கள். இந்த வேலைக்கு இருவருமே வேண்டும். முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். காட்டின் மீதான அதிகாரத்தைச் சட்டம் சபைக்குத்தான் கொடுத்திருக்கிறது, தனி ஆளுக்குக் கொடுக்கவில்லை. சபையைக் கூட்டுவதும், அதைப் பேச வைப்பதும், பேசியதை எழுத்தில் நிற்க வைப்பதும் உங்கள் பொறுப்பு.

1. சட்டத்தை நீங்களே படியுங்கள்.
2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், 2008 விதிகள், 2012 திருத்தம் மூன்றையும் தமிழில் வாங்கி வையுங்கள். வாரம் ஒரு மாலை கூடுங்கள். ஒருவர் வாசிக்கட்டும், புரியாத இடத்தில் நிறுத்தி நம் பேச்சில் சொல்லிப் பாருங்கள். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மெண்டா லேகா என்ற கோண்டு கிராமம் இருக்கிறது. அங்கே படிப்பு வட்டம் வைத்துப் பேசிப் பேசி, எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகே முடிவெடுப்பார்கள். 2009இல் 1,800 ஹெக்டேருக்கு மேற்பட்ட காட்டுக்கு அவர்கள் சமூக உரிமை பெற்றார்கள். 2011இல் மூங்கிலைக் கொண்டுபோய் விற்க அனுமதிச் சீட்டு எழுதும் அதிகாரமும் அந்தச் சபையின் கைக்கு வந்தது.

2. எந்தச் சபை என்பதில் தெளிவாக இருங்கள்.
ஊராட்சி முழுவதற்கும் கூடும் கூட்டத்தில் நம் முப்பது வீட்டுக் குரல் அமுங்கிப் போகும். வன கிராமத்தையும், பழைய குடியிருப்பையும், சர்வே ஆகாத ஊரையும் இந்தச் சட்டம் கிராமமாகவே ஏற்கிறது. அதனால் பதியின் சபையைப் பதியிலேயே கூட்டக் கேளுங்கள். உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். இதில் ஆள் குறைந்தால் நீங்கள் போட்ட தீர்மானத்தை யார் வேண்டுமானாலும் தள்ளிவிடலாம்.

3. பெண்கள் வந்து பேசக்கூடிய நேரத்தில் கூட்டம் வையுங்கள்.
காலை பத்து மணிக்கு வைத்தால் எஸ்டேட் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போன பெண்கள் வர முடியாது. கோடையில் எந்த ஓடையில் தண்ணீர் நிற்கும், எந்தச் சரிவில் கிழங்கு குறைந்துவிட்டது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். கூட்டத்தில் கடைசி வரிசையில் இருப்பவர்களிடம் முதலில் கேளுங்கள். பெண்களால் என்ன முடியும் என்று பாருங்கள். 1974 மார்ச் 26 அன்று இமயமலையின் ரேணி கிராமத்தில் ஆண்கள் ஊரில் இல்லை. மரம் வெட்ட வந்தவர்களைக் கௌரா தேவியும் மற்ற பெண்களும் மரங்களைக் கட்டிப்பிடித்து நின்று திருப்பி அனுப்பினார்கள்.

4. மூத்தவர்களின் வாக்கை ஆதாரமாக்குங்கள்.
உரிமை கேட்டு மனுப் போட நம்மிடம் பட்டா கிடையாது, பழைய ரசீதும் கிடையாது. ஆனால் மனுதாரர் அல்லாத மூத்தவர் சொல்வதை எழுதி வாங்கினால் அதை ஆதாரமாக ஏற்கலாம் என்று விதி 13 சொல்கிறது. கிணறு, சுடுகாடு, சாமி இருக்கும் இடம் ஆகியவையும் ஆதாரம்தான். ஊர்த் தலைவரான மூப்பனையும் நிலச் சடங்கு செய்யும் மண்ணுக்காரரையும் போய்ப் பாருங்கள். பாட்டி சொல்வதை அவர் சொன்னபடியே எழுதுங்கள், எழுதியதை நம் பேச்சில் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். ‘ஆமாம், இதைத்தான் சொன்னேன்’ என்று அவர் சொன்ன பிறகே கைநாட்டு வாங்குங்கள்.

5. எல்லையை நடந்து பாருங்கள்.
ஊரே சேர்ந்து காத்துப் பயன்படுத்தும் காட்டுக்கு, அதாவது சமூக வன வளத்துக்கு, உரிமை கேட்டு ‘சி’ படிவம் போடுவதற்கு முன்னால் பெரியவர்களோடு காட்டைச் சுற்றி நடங்கள். ஜிபிஎஸ் கருவி உங்கள் கையில் இருக்கட்டும், வழியைப் பெரியவர்கள் காட்டட்டும். பாறைக்கும் ஓடைக்கும் நாம் சொல்லும் பெயரையே வரைபடத்தில் எழுதுங்கள். பக்கத்துப் பதிக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போய் எல்லையை அங்கேயே பேசி முடியுங்கள். நேரில் பார்வையிடும் நாளை வனத்துறைக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் பழங்குடியினர் தங்கள் சாமி இடங்களையும் பழைய ஊர்களையும் இப்படித்தான் வரைபடத்தில் ஏற்றினார்கள். அந்த மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட 2011ஆம் ஆண்டிலேயே அவர்களுக்குச் சமூக உரிமையும் கிடைத்தது.

6. காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள்.
எதைக் கொடுத்தாலும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வெற்றுத் தாளில் யாரையும் கையெழுத்துப் போட விடாதீர்கள். மனுவைத் தள்ளினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கோட்ட அளவிலான குழுவின் முடிவில் குறை இருந்தால் 60 நாளுக்குள் மாவட்டக் குழுவுக்கு மனுச் செய்யலாம். விசாரணை முடியும்வரை யாரையும் வெளியேற்ற முடியாது. 2019 பிப்ரவரி 13 அன்று, மனு தள்ளப்பட்டவர்களை வெளியேற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. அதே மாதம் 28ஆம் தேதி அதை நிறுத்தி வைத்தது. அந்த இரண்டு வாரமும் நாடெங்கும் காட்டுச் சனங்கள் தூக்கமில்லாமல் கிடந்தார்கள். தள்ளுபடிக் காகிதத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும் என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது.

7. உரிமையோடு கடமையும் வருகிறது.
காட்டையும் வன உயிர்களையும் நீர் வரும் இடங்களையும் காக்கும் அதிகாரத்தைப் பிரிவு 5 சபைக்குத் தருகிறது. அதைச் செய்வதற்கென்று தனிக் குழு போடவும் விதியில் இடம் உண்டு. நெல்லிக்காய்க்காகக் கிளையை வெட்டிச் சாய்க்கக் கூடாது, தேனெடுக்கும்போது புழு இருக்கும் அடையைத் தொடக் கூடாது என்று சபையிலேயே கட்டுப்பாடு போட்டு எழுதுங்கள். மீறியவர் உங்கள் சித்தப்பாவாக இருந்தாலும் சபை கேள்வி கேட்க வேண்டும். உண்ணிச்செடி எந்தச் சரிவு வரை ஏறியிருக்கிறது, எங்கே புல் அற்றுப் போயிற்று என்று வருடா வருடம் குறித்து வையுங்கள். ‘இவர்களால் காடு அழிகிறது’ என்று சொல்பவர்களிடம் காட்ட அந்த நோட்டுப் புத்தகம் உதவும்.

8. அலுவலகத்துக்குத் தனியாகப் போகாதீர்கள்.
மூன்று பேராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். உட்காரச் சொன்னால் உட்கார்ந்து, சபையின் தீர்மானத்தைப் படித்துக் காட்டிப் பேசுங்கள். யாரிடமும் சொந்தத்துக்காக உதவி கேட்காதீர்கள். ஒரு தடவை கேட்டுவிட்டால் அடுத்த முறை சபைக்காக உங்களால் நிமிர்ந்து பேச முடியாது. வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பலர் நம் பிள்ளைகள்தான். அவர்களைப் பகைத்துக்கொள்ளாதீர்கள்.

9. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள்.
ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் தோண்டலாமா என்ற வழக்கில், 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் அந்த முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. 12 சபைகள் கூடின. அந்த மலையில் வாழும் டோங்கிரியா கோந்து மக்கள் நீதிபதி முன்னால் எழுந்து, தங்கள் மொழியிலேயே, மலை ஏன் தங்களுக்கு வேண்டும் என்று பேசினார்கள். 12 சபைகளுமே மறுத்தன. பேச ஆள் தயாராக இருந்ததால்தான் அது நடந்தது. உங்கள் பதியில் சாதாரணக் கூட்டத்திலும் ஒவ்வொருவரையும் எழுந்து நின்று இரண்டு வார்த்தை பேச வையுங்கள். பெரிய கூட்டம் வரும் நாளில் புதிதாகக் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது.

10. முதல் மாதத்திலேயே அடுத்தவரைத் தயார் செய்யுங்கள்.
தீர்மானப் புத்தகம் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. எழுதுபவரை மாற்றிக்கொண்டே இருங்கள், படிவம் போடத் தெரிந்தவர் இன்னும் இருவருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். கல்யாணம், வேலை, படிப்பு என்று உங்களில் சிலர் மலை இறங்குவீர்கள், அது தப்பில்லை. நீங்கள் ஊரில் இல்லாத மாதத்திலும் சபை கூடி, ஆள் எண்ணிக்கை நிறைந்து, தீர்மானம் எழுதப்பட்டால் நீங்கள் நல்ல தலைவர் என்று நான் சொல்வேன். வரும் கூட்டத்துக்கு உங்களைவிடச் சின்னவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், புத்தகத்தை அவர் கையில் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.