விலைகொடா விளையாட்டு

நுழையும்முன்

ஒருவர் தோட்டத்து மாங்கனியை மற்றொருவர் பறித்துச் சென்றால் மரத்தில் ஒரு கனி குறையும். கணினி விளையாட்டு ஒன்றை ஆயிரம் பேர் படியெடுத்தாலும் மூலத்தில் எதுவும் குறைவதில்லை. அவ்வாறாயின், திருட்டுப் பிரதியால் இழந்தவர் யார்? இழந்தது எவ்வளவு? விளையாட்டுத் துறை நெடுங்காலமாக எதிர்கொண்டுவரும் இவ்வினாக்களைச் சான்றுகளின் துணையோடு ஆராய்கிறது இப்பாடம்.

விளையாட்டுக்குள் ஒரு பாடம்

2013ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பாட்ரிக் குளுக், டேனியல் குளுக் என்னும் சகோதரர் இருவர் தம் முதல் கணினி விளையாட்டை வெளியிட்டனர். 'கேம் டெவ் டைகூன்' என்பது அதன் பெயர். சிறிய விளையாட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, அதனை வளர்த்தெடுப்பதே விளையாடுவோரின் பணி. விற்பனைக்கு வந்த அதே நாளில், சகோதரர்கள் மற்றொன்றும் செய்தனர். சிறு மாற்றம் செய்த பிரதி ஒன்றைத் திருட்டுப் பிரதிபோல் தாங்களே இணையத்தில் உலவவிட்டனர்.

அப்பிரதியில் சில மணி நேரம் விளையாடியவரின் கற்பனை நிறுவனத்துக்கு ஓர் எச்சரிக்கை வரும். விளையாட்டுகளைப் பலர் விலைகொடுத்து வாங்காமல் திருட்டுத்தனமாகப் பெறுகின்றனர் என்பதே அச்செய்தி. அதன்பின் வருவாய் தேயும். எத்துணைச் சிறந்த விளையாட்டைப் படைத்தாலும் நிறுவனம் நொடித்துப்போகும். இதனால் சினமுற்ற சிலர், திருட்டுப் பிரதிகளை விளையாட்டுக்குள் தடுப்பது எவ்வாறு என இணையத்தில் வழிகேட்டனர். தம் கையில் இருப்பதும் திருட்டுப் பிரதியே என்பது அவர்கள் நினைவுக்கு வரவில்லை.

முதல் நாள் முடிவில் விலைகொடுத்து வாங்கப்பட்ட பிரதியை விளையாடியவர்கள் 214 பேர். மற்றைப் பிரதியை விளையாடியவர்கள் 3,104 பேர். அஃதாவது, நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேருக்கும் மேல் விலைகொடாதவர்கள்.

எண்ணிக்கை வேறு, இழப்பு வேறு

இக்கணக்கைக் கண்டவுடன் 3,104 பிரதிகளின் விற்பனையை அச்சகோதரர்கள் இழந்தனர் என்று முடிவுகட்டத் தோன்றும். அம்முடிவு பிழையானது. இலவசமாகக் கிடைத்ததால் எடுத்துக்கொண்ட அனைவரும், இலவசமாகக் கிடைக்காதபோது வாங்கியிருப்பர் எனக் கூற இயலாது. கையில் பணமில்லாத மாணவர், இணையவழிப் பணம் செலுத்தும் வசதியற்றவர், ஒருமுறை பார்த்துவிட்டு நீக்கிவிடுபவர் எனப் பலர் அக்கூட்டத்தில் உண்டு. வாங்கக்கூடியவராக இருந்தும் வாங்காமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்பதே உண்மையான இழப்பின் அளவு.

2008இல் இருவர் கூடிப் படைத்த 'வேர்ல்ட் ஆஃப் கூ' என்னும் விளையாட்டின் வரலாறும் இதனை உணர்த்தும். விளையாடியோரில் ஏறத்தாழ 80 முதல் 90 விழுக்காட்டினர் திருட்டுப் பிரதியைப் பயன்படுத்தியதாக அதன் படைப்பாளர்கள் மதிப்பிட்டனர். எனினும், அப்பிரதிகள் யாவும் இழந்த விற்பனை அல்ல என்பதையும் அவர்களே வெளிப்படையாக ஏற்றுக்கொண்டனர்.

ஐரோப்பிய ஆணையம் இதுகுறித்து விரிவான ஆய்வு ஒன்றை மேற்கொள்ளச் செய்தது. ஜெர்மனி, பிரிட்டன், ஸ்பெயின், பிரான்ஸ், போலந்து, சுவீடன் ஆகிய ஆறு நாடுகளில் ஏறத்தாழ 30,000 பேரிடம் தகவல் திரட்டப்பட்டது. 300 பக்கங்களுக்கு மேற்பட்ட அவ்வறிக்கை 2017இல் பொதுவெளிக்கு வந்தது. புதிதாக வெளியாகும் பெருவெற்றித் திரைப்படங்கள் நீங்கலாக, பிறவற்றின் விற்பனையைத் திருட்டுப் பிரதிகள் குறைக்கின்றன என்பதற்கு உறுதியான புள்ளியியல் சான்று கிடைக்கவில்லை என அது கூறியது. இங்கு ஒன்றைக் கருத வேண்டும். சான்று கிடைக்கவில்லை என்பதும் தீங்கு இல்லை என்பதும் ஒன்றல்ல.

முதல் பன்னிரண்டு வாரங்கள்

தீங்கு உண்டா, இல்லையா என்னும் வினாவைவிட, எப்பொழுது உண்டு என்னும் வினா தெளிவான விடையைத் தருகிறது. திருட்டுப் பிரதி எடுப்பதைத் தடுக்கும் மென்பூட்டுகளில் புகழ்பெற்றது 'டெனுவோ'. இப்பூட்டு இடப்பட்டுப் பின்னர் உடைக்கப்பட்ட 86 விளையாட்டுகளை வில்லியம் வோல்க்மன் என்னும் ஆய்வாளர் ஆராய்ந்தார். வெளியான முதல் வாரத்திலேயே பூட்டு உடைந்தால் வருவாயில் ஏறத்தாழ 20 விழுக்காடு குறையும் என்பதும், பன்னிரண்டு வாரங்கள் கடந்தபின் உடைந்தால் இழப்பு இல்லை என்றே சொல்லலாம் என்பதும் 2024இல் வெளியான அவரது ஆய்வின் முடிவுகள்.

இதன் காரணம் எளிது. கணினி விளையாட்டின் விற்பனை பெரும்பாலும் வெளியீட்டை ஒட்டிய நாள்களிலேயே நிகழ்கிறது. ஆவலோடு காத்திருப்பவரே அப்போது வாங்குகின்றனர். அவர்கள் முன் விலையுள்ள பிரதியும் விலையில்லாப் பிரதியும் ஒருசேர நின்றால் ஐவரில் ஒருவரது பணம் படைத்தவரைச் சேராமல் போகிறது. ஆண்டுக்கணக்கில் உழைத்த சிறு குழுவுக்கு அந்த ஐந்தில் ஒரு பங்கே அடுத்த படைப்பின் முதலாக இருந்திருக்கக்கூடும்.

பூட்டும் சாவியும்

பூட்டுக்கும் ஒரு விலை உண்டு. 2010இல் யூபிசாஃப்ட் நிறுவனம், விளையாடும் நேரம் முழுவதும் இணைய இணைப்பு இருந்தாக வேண்டும் என்னும் கட்டுப்பாட்டைத் தன் விளையாட்டுகளில் புகுத்தியது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அதன் வழங்கிக் கணினிகள் தாக்குதலுக்குள்ளாயின. விலைகொடுத்து வாங்கியவர்களே அப்போது விளையாட முடியாமல் தவித்தனர். திருடனுக்கு இட்ட பூட்டு வீட்டுக்காரரை வெளியே நிறுத்தியது.

போலந்து நாட்டு நிறுவனமான சிடி புரொஜெக்ட் வேறு வழியை நாடியது. 1994இல் அந்நிறுவனம் தொடங்கப்பட்டபோது, போலந்துச் சந்தைகளில் திருட்டுப் பிரதிகள் மலிந்திருந்தன. 1999இல் 'பால்டர்ஸ் கேட்' என்னும் விளையாட்டை அது போலந்து மொழியாக்கி, புகழ்பெற்ற நடிகர்களைக் குரல்கொடுக்கச் செய்து, வரைபடம், இசைத்தகடு முதலியவற்றோடு அழகிய பெட்டியில் விற்றது. திருட்டுப் பிரதியில் கிடைக்காத நிறைவை மக்கள் அதில் கண்டனர். முதல் நாளிலேயே 18,000 பெட்டிகள் விற்றன. பின்னர் அந்நிறுவனமே படைத்த 'தி விட்சர் 3' என்னும் விளையாட்டு 2015இல் வந்தபோது, தன் இணைய அங்காடியில் எவ்விதப் பூட்டுமின்றி விற்றது. எளிதில் படியெடுக்கத்தக்கதாக இருந்தும் 2023க்குள் 5 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின.

எனினும் இவ்வழி யாவர்க்கும் பொருந்தும் எனக் கொள்ளலாகாது. பெருநிறுவனம் தாங்கும் இழப்பைச் சிறுகுழு தாங்காது.

இழப்பும் உரிமையும்

திருட்டுப் பிரதி துறையையே அழித்துவிடும் என்பதும் மிகை. யாருக்கும் தீங்கில்லை என்பதும் பிழை. தீங்கின் அளவு, காலத்தையும் படைப்பாளரின் வலிமையையும் பொறுத்து மாறுகிறது. ஆயின் இழப்பைக் கணக்கிடுவதோடு வினா முடிந்துவிடுவதில்லை. ஒரு விளையாட்டில் நிரல் எழுதுவோர், ஓவியர், இசைஞர், கதைஞர் எனப் பலரது உழைப்பு கலந்துள்ளது. தம் படைப்பை விற்பதா, இலவசமாக வழங்குவதா என முடிவுசெய்யும் உரிமை அவர்களுடையது. விரும்பி இலவசமாக வழங்கும் படைப்பாளர்களும் உளர். கொடுப்பதைப் பெறுவது வேறு. கொடாததை எடுப்பது வேறு. ஒரு ரூபாய் இழப்புக்கூட நேரவில்லை என மெய்ப்பிக்கப்பட்டாலும் இவ்வேறுபாடு மறைவதில்லை.

தெரிந்து தெளிவோம்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலை 'இலக்கியப் படைப்பு' என்னும் வரையறைக்குள் வைத்துள்ளது. கவிதைக்கும் கதைக்கும் உரிய பாதுகாப்பு நிரலுக்கும் உண்டு. கணினி நிரலின் உரிமைமீறிய பிரதியை அறிந்தே பயன்படுத்துவோருக்கு, அச்சட்டத்தின் 63ஆ பிரிவு ஏழு நாள்களுக்குக் குறையாத, மூன்றாண்டுகள்வரை நீளக்கூடிய சிறைத்தண்டனையை வகுத்துள்ளது.

கற்பவை கற்றபின்

1. 'எண்ணிக்கை வேறு, இழப்பு வேறு' என்பதனைப் பாடச்சான்றுகளுடன் விளக்குக.

2. திருட்டுப் பிரதியைக் குறைக்க உதவுவது பூட்டா, சிறந்த சேவையா? வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. நீங்கள் எழுதிய கதையொன்றை ஒருவர் உங்கள் இசைவின்றி அச்சிட்டு இலவசமாக வழங்குகிறார் எனக் கொண்டு, அவருக்கு ஒரு கடிதம் எழுதுக.