விவாகரத்து கணவன் மனைவிக்குத்தான்... பிள்ளைக்கு இல்லை!

"டைவர்ஸ் ஆகியாச்சு. குழந்தைக்கு மாசம் எட்டாயிரம்னு கோர்ட்டும் சொல்லியாச்சு. ஆனா, பணம்தான் வந்தபாடில்லை!" இப்படி அங்கலாய்க்கும் தாய்மார்கள் நிறையப் பேர். பால் கணக்கும் ஸ்கூல் ஃபீஸும் டாக்டர் செலவும் அவர் அனுப்பும் வரை காத்திருக்குமா, என்ன?

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். ஜீவனாம்சம் குழந்தையின் உரிமை. "எனக்கு எதுவும் வேண்டாம், விட்டால் போதும்" என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும், குழந்தையின் உரிமையை விட்டுக்கொடுக்க உங்களுக்கு அதிகாரம் கிடையாது. நீங்கள் சம்பாதிக்கிறீர்கள் என்பதற்காக அப்பாவின் பொறுப்பும் போய்விடாது. செலவை இருவரின் வருமானத்துக்குத் தக்கபடி கோர்ட் பிரிக்கலாம், அவ்வளவுதான்.

எந்தச் சட்டம்?

125-வது பிரிவு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு வந்துவிட்டது. எந்த மதத்தவரும் இதன்படி மனு போடலாம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். மாதம் 500 ரூபாய்க்கு மேல் கிடையாது என்ற பழைய வரம்பு 2001-லேயே நீக்கப்பட்டுவிட்டது.

"எனக்கு வருமானமே இல்லீங்க" என்று அவர் கையை விரித்தால்? ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் 2020-ல் சுப்ரீம் கோர்ட் இதற்கு வழி சொல்லியிருக்கிறது. வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் இரு தரப்பும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஜீவனாம்சமும் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்காகும்.

உத்தரவுக்குப் பிறகும் தரவில்லையா?

வாரண்ட் பிறப்பித்து, அபராதத் தொகையை வசூலிப்பதுபோல் வசூலிக்கலாம். அப்படியும் தராவிட்டால், பாக்கி வைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை. "ஜெயிலுக்குப் போயிட்டு வந்தா கடன் தீர்ந்துடும்" என்று சிலர் நினைக்கிறார்கள். தீராது! சிறை என்பது பணத்தைக் கட்ட வைக்கும் வழிதானே தவிர, பணத்துக்கு ஈடு ஆகாது என்று 1989-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

சிவில் முறையில் ஜீவனாம்ச டிக்ரி வாங்கியிருந்தால் சம்பளத்தையே ஜப்தி செய்யலாம். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பாதுகாப்பு. மீதி இரண்டு பங்கில் கை வைக்கலாம்.

ஜாக்கிரதை... ஒரு வருடம்!

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். 144-வது பிரிவின்படி வாரண்ட் கேட்க, ஒவ்வொரு மாதப் பணத்துக்கும் அது தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடம்தான் கெடு. 'இன்னிக்குத் தருவார், நாளைக்குத் தருவார்' என்று பதினான்கு மாதம் பொறுத்துவிட்டு மனு போட்டால், முதல் இரண்டு மாதப் பணத்தை இந்த வழியில் கேட்க முடியாது. எட்டாயிரம் வீதம் பதினாறாயிரம் ரூபாய்!

எனவே...

* பணம் வந்த தேதி, வராத மாதம் இரண்டையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பேங்க் மூலமே வாங்குங்கள்.

* இரண்டு மூன்று மாதம் பாக்கி விழுந்ததுமே மனு போடுங்கள்.

* வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்காதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்ட உதவி இலவசம். மாவட்டக் கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

* "அப்பாகிட்ட பணம் கேட்டு வாங்கிட்டு வா" என்று குழந்தையை மட்டும் தூது அனுப்பாதீர்கள். அந்தப் பிஞ்சு மனசு, 'நான்தான் சண்டைக்குக் காரணமோ' என்று புழுங்கிப்போகும். கேட்க வேண்டிய இடம் கோர்ட். கேட்க வேண்டியவர் நீங்கள்!