பழைய காரில் பிரேக் பிடித்தபடியே இருக்கிறதா?

பாரூர் ஏரிப் பாசனத்தில் பயிர் செய்துகொண்டு, வீட்டுத் தேவைக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள பழைய அம்பாசடர் வைத்திருப்பவரா நீங்கள்? 2014-ஆம் ஆண்டோடு அதன் உற்பத்தி நின்றுவிட்டது. இன்று ஓடுபவை யாவும் பத்து வயதைத் தாண்டியவை. பெடலிலிருந்து காலை எடுத்த பின்னும் பிரேக் விடாமல் பிடித்திருப்பது இவற்றில் அடிக்கடி காணும் கோளாறு. வண்டி இழுக்கவில்லை, எரிபொருள் அதிகம் பிடிக்கிறது என்று சிலர் எஞ்சினைப் பிரித்துவிடுகின்றனர். மஞ்சளான இலையைக் கண்டதும் யூரியா போடுவது போன்ற வேலை இது.

செலவைவிட ஆபத்தே பெரிது. உராயும் டிரம்மின் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பழைய ஆயில் 140 டிகிரி அளவிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் பெடல் தரைவரை இறங்கும், பிரேக் பிடிக்காது. சேலம் போகும் வழியில் தொப்பூர் இறக்கத்தில் இது நேரக்கூடாது.

பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துங்கள். ஒவ்வொரு டிரம்முக்கு அருகிலும் புறங்கையைக் காட்டிப் பாருங்கள், தொடவேண்டாம். ஒன்று மட்டும் சுட்டால் கோளாறு அந்தச் சக்கரத்தில்தான். பின் இரண்டும் சுட்டால் முதலில் ஹேண்ட் பிரேக் கேபிள் துருவேறி இறுகியிருக்கிறதா என்று பார்க்கவும். நான்கும் சுட்டால் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகிக்கவும்.

அடுத்து, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, சுட்ட சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் அடியில் உறுதியான கட்டை வையுங்கள். கியரையும் ஹேண்ட் பிரேக்கையும் விடுவித்து, பெடலை ஒருமுறை மிதித்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றவும். சுற்றாவிட்டால், வீல் சிலிண்டரின் பின்புறமுள்ள நிப்பிளைச் சற்றுத் தளர்த்தவும். ஆயில் பீறிட்டுச் சக்கரம் உடனே சுற்றினால், அழுத்தம் உள்ளே அடைபட்டிருந்தது என்று பொருள். முன் சக்கரம் ஒன்றில் மட்டும் இப்படியானால், அதற்குரிய ரப்பர் ஹோஸ் உட்புறம் உப்பியிருக்கும். கிணற்று மோட்டாரின் ஃபுட்வால்வு போல அது ஆயிலைப் போகவிட்டுத் திரும்பவிடாது. வெளியே ஹோஸ் நன்றாகவே தெரியும், ஏமாறவேண்டாம். பின் சக்கரங்கள் இரண்டுக்கும் ஹோஸ் ஒன்றே. நிப்பிளைத் திறந்தும் சுற்றாவிட்டால், ஷூ ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பிஸ்டன் துருப்பிடித்திருக்கலாம், அல்லது ஷூவை மிகவும் நெருக்கி வைத்திருக்கலாம்.

நான்கும் பிடித்தால், பெடலில் சிறிதளவு வெற்றாட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையேல் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும். ஆயில் குறைந்ததென்று எஞ்சின் ஆயிலை ஊற்றுவதும், பாகங்களை டீசலில் கழுவுவதும் இன்னொரு காரணம். அவை பட்டால் ரப்பர் கப்புகள் உப்பி அத்துளையை அடைத்துவிடும். அப்படிச் செய்திருந்தால் ஆயிலை மட்டும் மாற்றினால் போதாது; கப், ஹோஸ் அனைத்தையும் மாற்றவேண்டும்.

டிரம்மைக் கழற்றும்போது தூசியை வாயால் ஊதாதீர்கள்; பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடைக்கவும். நிப்பிளைத் திறந்திருந்தால், ஏர் எடுத்து, பெடல் உறுதியாக நிற்பதைப் பார்த்த பிறகே வண்டியைச் சாலைக்கு எடுக்கவும்.