நகைத்தல் குற்றமோ?

துக்கம் உண்டு என்பது பகவான் அருளிய நான்கு வாய்மைகளுள் முதலாவது. துக்கமே உண்டு என்று அவர் எங்கும் அருளினாரில்லை. ஓர் ஏகாரத்தைச் சேர்த்ததனால் வந்த பிழை இது. எழுத்தளவிற் சிறிதாயினும் இல்லறத்தாரைப் பெரிதும் வாட்டுகின்றது. தம்மம் தழுவியவர் எந்நேரமும் முகம் வாடியிருத்தல் வேண்டும், வாய்விட்டு நகைத்தால் சீலம் குன்றும் என எண்ணுவோரை நாம் சென்ற ஊர்தோறும் காண்கின்றோம்.

2020ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டபின், அங்குள்ள நம் மக்களுள் அநேகர் விடியுமுன் ரெயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து, இருட்டியபின் வீடு திரும்பிப் பிழைத்து வந்தனர். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, ரெயில்கள் நின்றன, கூலியும் நின்றது. கொள்ளை நோய்க்கு இரையானோரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் பல வீட்டாருக்கு வாய்க்கவில்லை.

அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் வந்த பௌர்ணமியன்று, லைன் வீடொன்றின் முன்னே பத்துப் பதினைந்து பேர் இடைவெளி விட்டு அமர்ந்து திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதினோம். பிறகு தேநீர் வந்தது. ஆடி மாதத்தில் கணவரை இழந்த மூதாட்டி ஒருவர், முகக்கவசம் அணிந்திருப்பதை மறந்து, தம்ளரை அதன் மேலேயே சாய்த்துவிட்டார். தேநீர் கவசத்தை நனைத்துச் சேலையில் வழிந்தது. நாங்கள் என்ன செய்வதென்று அறியாது விழித்தோம். முதலிற் சிரித்தவர் அந்த அம்மையாரே. "ஐயோ, துணிக்கும் டீ குடிக்கக் கொடுத்துட்டேனே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிறுவர்கள் தரையில் உருண்டனர். அப்போது முதிய உபாசகர் ஒருவர் எழுந்து, "இத்தனை சாவு விழுந்த ஆண்டில், தம்மக் கூட்டத்தில் கூத்தா?" என்று கடிந்தார். அம்மையார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்பெரியவரைக் கொடியவர் என்று கூறோம். அவரும் அவ்வாண்டில் ஒரு தம்பியைப் பறிகொடுத்தவர். நூலறியாது பேசினார் என்று தள்ளிவிடவும் இயலாது. பல் தெரிய அளவின்றி நகைப்பது சிறுபிள்ளைத்தனம் என்று அங்குத்தர நிகாயத்தில் ஓரிடத்தில் சொல்லப்பட்டிருக்கின்றது. அசிரவதி ஆற்றிலே பதினேழு இளம் பிக்குகள் நீர் விளையாடியதைப் பசேனதி மன்னன் மாளிகையிலிருந்து கண்டதும், அதன்பின் அவ்விளையாட்டு விலக்கப்பட்டதும் வினயத்தில் உள்ளன. ஆனால் இவை வீடு துறந்தோர்க்கு ஏற்பட்டவை. அவர்க்கும் புன்னகை மறுக்கப்படவில்லை. நாமோ பிள்ளை குட்டிகளோடு வாழ்பவர்.

இனி, இதற்கு நேர் விடை மச்சிம நிகாயத்தின் 36ஆம் சூத்திரமாகிய மகா சச்சக சூத்திரத்தில் உள்ளது. போதிசத்துவர் ஆறாண்டுகள் உடலை ஒறுத்தார். வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு கைக்கு அகப்படும் அளவு மெலிந்தார். ஞானம் கிட்டவில்லை. அந்நிலையில் அவர் நினைவுக்கு வந்தது யாது? வேதமன்று, மந்திரமன்று. சிறு பிள்ளையாயிருந்த காலத்தில், தந்தையார் தம் வேலையில் ஈடுபட்டிருக்க, தாம் நாவல் மரத்தின் குளிர்ந்த நிழலில் தனியே அமர்ந்திருந்தபோது எய்திய மகிழ்ச்சி! 'இந்த மகிழ்ச்சியில் காமமும் இல்லை, தீமையும் இல்லை. இதற்கு யாம் ஏன் அஞ்சுகின்றோம்?' என்ற கேள்வி அவருள் எழுந்தது. அஞ்ச வேண்டுவதில்லை என்று துணிந்தார். சோறும் கூழும் உண்டார். உடனிருந்த ஐவர், இவர் சுகவாசியாகிவிட்டார் என்று விட்டகன்றனர். பிற்காலத்தில் முதல் உபதேசத்தைக் கேட்டவர்களும் அந்த ஐவரே. ஆறாண்டுத் துன்பத்தின் முடிவில் வழி காட்டியது ஒரு குழந்தையின் நினைவு என்பதை நம்மவர் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

ஞானத்திற்கு உறுப்பாகிய ஏழனுள் நான்காவது மகிழ்ச்சி. பாலி மொழியில் அதற்குப் பெயர் பீதி. தமிழிலோ பீதி என்றால் அச்சம்! வடமொழிப் பிரீதியே பாலியில் அவ்வாறு திரிந்தது. மகிழ்ச்சியைக் கண்டு நம்மவர் பீதியடைவது இதனாற்றானோ என்று நாம் வேடிக்கையாக எண்ணுவதுண்டு.

புத்தகோசர் விசுத்தி மார்க்கத்தில் இப்பிரீதியை ஐந்தாகப் பிரிக்கின்றார். இவர் நமக்கு அயலாரல்லர். காஞ்சிபுரத்திலும் வாழ்ந்தவர் என்பது அவருடைய அங்குத்தர உரையின் முடிவுரையால் விளங்கும். உடலெங்கும் வெள்ளமென நிறைவது ஐந்தாவது. மின்னலைப்போல் கணந்தோறும் தோன்றி மறைவது இரண்டாவது. முதலாவதன் பெயர் குத்தகம், அதாவது சிறியது. மயிர் சிலிர்க்கச் செய்யும், அவ்வளவே அதன் வலிமை. அதனையும் ஆசிரியர் ஒதுக்கிவிடாமல், பெயரிட்டு முதலில் வைத்தார். சம்யுத்த நிகாயத்தின் உபநிச சூத்திரமோ இன்னும் ஒரு படி மேலே சென்று, துக்கத்திலிருந்து சிரத்தையும், சிரத்தையிலிருந்து களிப்பும், களிப்பிலிருந்து பிரீதியும் பிறக்கும் என்று வரிசைப்படுத்துகின்றது. துக்கப்பட்டவன் களித்தலாகாது என்போர் இவ்வரிசையை ஊன்றிக் கற்பாராக.

நாம் நூற்பாலையில் உழைத்த காலத்தில் புளோரூமிற் பஞ்சுத் தூசி பனிபோற் பறக்கும். ஷிப்டு முடிந்து வெளிவருகையில் புருவமும் மீசையும் வெளுத்து, இருபது வயது இளைஞனும் கிழவனாய் நிற்பான். "என்ன தாத்தா, பேரன் சுகமா?" என்று ஒருவரை ஒருவர் கேட்போம். தினமும் அதே கேள்வி, தினமும் அதே சிரிப்பு. மூன்று மாதச் சம்பளம் நிலுவையில் நின்றபோதும் அக்கேள்வி நிற்கவில்லை. அதனால் சம்பளம் வந்ததா என்றால், வரவில்லை. மறுநாளும் ஆலைக்குக் கால் எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை உடனிருந்து உழைத்தவர் அறிவர். தூசி நுரையீரலைக் கெடுத்ததையும் அவர்கள் அறிவர்; சிரித்ததனால் அதனை மறந்தோமில்லை.

எல்லாச் சிரிப்பையும் நாம் ஒப்பவில்லை. பிறருடைய ஊனத்தையும் பிறப்பையும் சொல்லிச் சிரிப்பது எத்தகையது என்பதை, அவ்விதம் சிரிக்கப்பட்ட நமக்கு எவரும் போதிக்க வேண்டா. ஆண்டு முடிவென்று புட்டி திறப்போர்க்கு ஐந்தாம் சீலம் இருக்கின்றது.

இப்போது ஆண்டின் கடைசிப் பௌர்ணமிதோறும், சூத்திர வாசிப்பு முடிந்தபின் ஒரு பயிற்சி செய்கின்றோம். ஒவ்வொருவரும் அவ்வாண்டில் தமக்கு வாய்த்த சிறு மகிழ்ச்சி ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். விளக்கம் கூடாது, நீதி கூடாது, கேட்போர் குறுக்கிடலாகாது. வேறு ஊர்ச் சங்கத்தாரும் செய்து பார்க்கலாம். தொடக்கத்தில் எவரும் வாய் திறவார். பிள்ளைகளை முதலிற் கேட்பது நலம். ஒருவர், ரெயிலில் சன்னலோர இடம் கிடைத்த இன்பத்தில் உறங்கி, இறங்கவேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போனதைச் சொன்னார். ஒரு சிறுமி, தன் வீட்டுக் கோழி புத்தகப் பைக்குள் முட்டையிட்டதைச் சொன்னாள். பள்ளியில் முட்டையை எடுத்துக் காட்டியும் ஆசிரியர் நம்பவில்லையாம்.