பாலில் சுண்ணாம்புச் சத்து

தாம்பரத்தில் பொழுது விடியுமுன்பே நம் வீட்டு வாசலுக்குப் பால் வந்துவிடுகிறது. நம் எலும்புக்கும் பல்லுக்கும் உரமூட்டும் சுண்ணாம்புச் சத்து ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய 1.2 கிராம் உள்ளது.

இவ்வளவு எல்லாப் பசுக்களுக்கும் ஒன்றல்ல. ஏன்? கிரிகோர் மெண்டல் என்ற துறவி பட்டாணிச் செடிகளைக் கொண்டு 1866-இல் வெளியிட்ட பாரம்பரிய விதிகளில் விடை தொடங்குகிறது. பாலிலுள்ள சுண்ணாம்பு, பாஸ்பரஸ், மக்னீசியம் ஆகியவற்றின் ஏற்றத்தாழ்வில் பாதிக்கு மேல் பிறப்பு வழி வருவதாக, நெதர்லாந்துப் பசுக்களை ஆராய்ந்தவர்கள் 2009-இல் கண்டனர். செலினியமோ பெரும்பாலும் தீனியைப் பொறுத்தது. நம் சமவெளியில் கலப்பினத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜெர்சி இனத்தின் பாலில், ஹோல்ஸ்டீன் பாலைவிடச் சுண்ணாம்பு அதிகம்.

அப்படியானால் தீனி எதற்கு என்று கேட்கத் தோன்றும். நாளொன்றுக்கு 10 லிட்டர் கறக்கும் பசு, பாலோடு 12 கிராம் சுண்ணாம்பையும் கொடுத்துவிடுகிறது. தீனியில் குறைந்தாலும் அது பாலில் குறைப்பதில்லை. தன் எலும்பிலிருந்து எடுத்துத் தருகிறது. கன்று ஈன்றதும் இரத்தத்தில் சுண்ணாம்பு திடீரெனக் குறைந்தால், பால் காய்ச்சல் கண்டு படுத்துவிடும். பெயர்தான் காய்ச்சல், உடலோ சில்லிட்டுப் போகும். ஜெர்சிக்கு இந்நோய் வரும் வாய்ப்பு கூடுதல்.

பொத்தேரியை அடுத்த காட்டுப்பாக்கத்தில் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருப்பதை நம்மில் பலர் அறிவோம். கறவைப் பசுவின் தீவனத்தில் தாது உப்புக் கலவை சேர்க்கும்படி கால்நடை மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

பிறப்பு தருவது திறன். அதைக் காப்பது பராமரிப்பு. தம்ளரில் பாலை மிச்சம் வைக்குமுன், அதைத் தந்த பசுவின் எலும்பையும் சற்றே நினைப்போம்.